50 மி.மீ. மோகம்

ரோடு பைக் வாங்கி ஆறு மாதம் ஓட்டிய ஒருவரிடம் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வீல் மாத்தணும்.” எந்த வீல் என்று மேற்கொண்டு கேட்கத் தேவையே இல்லை. கார்பன் ரிம், 50 மி.மீ. ஆழம். கையில் பணம் இருந்தால் 60. சைக்கிளின் விலையில் பாதியை, சில சமயம் முழு விலையையே, ஒரு ஜோடிச் சக்கரத்துக்குக் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். கூட ஓட்டுகிற மூத்தவரும் அதைத்தான் சொல்கிறார். யூடியூபில் பேசுகிறவர் சொல்வதும் வேறில்லை. முதலில் மாற்ற வேண்டியது சக்கரம். ஆழம் கூடினால் வேகம் கூடும். ஒரு ஜோடி இருந்தால் எல்லாச் சாலைக்கும் போதும். நம்மூர் சைக்கிளோட்டிகளிடையே இந்த மூன்றும் யாரும் கேள்வி கேட்காத உண்மைகளாக உலவுகின்றன.

மூன்றுமே தவறு. வீண் செலவோடு நின்றுவிடும் தவறும் அல்ல; சில இடங்களில் ஆளைக் கீழே தள்ளிவிடும் தவறு. ஓடும் சாலை, அங்கே வீசும் காற்று, ஏறி உட்காருபவரின் எடை, பிரேக்கின் வகை, இந்த நான்கையும் கேட்காமல் ஒரு சக்கரத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ யாராலும் சொல்ல முடியாது. கேட்காமலேதான் இங்கே விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

காற்றுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆழமான ரிம்முக்கான வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். இது உண்மை, இதை வைத்துத்தான் விற்கிறார்கள். ஆனால் அதே கணக்கு திரும்பியும் ஓடும். தயாரிப்பாளர்கள் ‘இத்தனை வாட் மிச்சம்’ என்று அச்சிடும் எண்கள் பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. அல்லது அதற்கும் மேலான வேகத்தில் காற்றுச் சுரங்கத்தில் அளந்தவை. சாதாரண ரிம்மை விட 50 மி.மீ. ரிம் அந்த வேகத்தில் 10 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. வேகத்தில் அது எவ்வளவு? 1.7 வாட். நம்மில் பெரும்பாலோர் தனியாக, சமதளத்தில், நூறு கிலோமீட்டர் ஓட்டினால் வரும் சராசரி 25 கி.மீ. சுற்றிலும்தான். 45 கி.மீ. வேகம் தொழில்முறை வீரர்களுடையது.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு. நியாயமான வாதம், மறைக்கக் கூடாது. மெதுவாகப் போகிறவர் சாலையில் அதிக நேரம் இருக்கிறார். வாட் குறைவாக மிச்சமானாலும், அதே தூரத்துக்கு அவருக்கு மிச்சமாகும் நிமிடங்கள் வேகமானவருக்குக் குறைந்தவை அல்ல என்பார்கள். சரி, நிமிடத்திலேயே கணக்கிடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, காற்றில்லாத சமதளம், வேகம் 25 கி.மீ. 1.7 வாட் மிச்சமானால் நூறு கிலோமீட்டரில் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சிக்னலில் அதைத் தொலைத்துவிடலாம்.

அதே ஆள், அதே சைக்கிள், அதே பழைய ரிம். டயரை மட்டும் மாற்றுகிறார். புது சைக்கிளோடு வருகிற தடித்த, விறைத்த டயரின் உருளல் தடைக் கெழு 0.007 என்றும், நல்ல மென்மையான பந்தய டயருடையது 0.004 என்றும் கொள்வோம். இரண்டுமே நடைமுறையில் காணக்கூடிய எண்கள். 25 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் 17 வாட். நூறு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். லட்ச ரூபாய் சக்கரம் தருவதைப் போல எட்டு ஒன்பது மடங்கை, சில ஆயிரங்களில் இரண்டு டயர்கள் தருகின்றன. இதைச் சொல்லாமல் ‘முதலில் மாற்ற வேண்டியது சக்கரம்’ என்று சொல்கிறவரின் அறிவுரையை நான் அறிவுரையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டயரைப் பற்றிப் பேசினால் சக்கரத்தை விட்டு விலகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரிம்மைத் தேர்ந்தெடுக்கும் வழியே டயரில்தான் தொடங்குகிறது. 23 மி.மீ. டயர், 120 பி.எஸ்.ஐ. காற்று, விரலால் அமுக்கினால் துளியும் அமுங்கக் கூடாது என்பது சென்ற தலைமுறையின் வேதம். வழவழப்பான இரும்பு உருளையில் வைத்துச் சோதித்தபோது காற்று ஏற ஏற தடை குறைந்தது. அதை அப்படியே சாலைக்கும் சொல்லிவிட்டார்கள். சாலை உருளை இல்லை. சொரசொரப்பில் இறுகிய டயர் துள்ளுகிறது. அந்த அதிர்வு ஓட்டுபவரின் தோள், முதுகு, தொடை என்று தசை முழுவதும் பரவி வெப்பமாக வீணாகிறது. ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழை நடத்திய யான் ஹைனே, நெடுஞ்சாலையோர ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஆட்களை ஓட்டவைத்து இந்த இழப்பை அளந்து காட்டினார். சக்கரம் தயாரிக்கும் ஸிப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜாஷ் போர்ட்னர், ஒவ்வொரு சாலைப் பரப்புக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டிக் காற்றடித்தால் தடை சடசடவென்று ஏறும் என்று விளக்கினார். தொழில்முறை அணிகள் 23-இலிருந்து 25-க்கும், 28-க்கும், இன்று 30-க்கும் அப்பாலும் போனது சொகுசுக்காக அல்ல. வேகத்துக்காக.

இனி நம் சாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். புது தார் போடுவதற்காகச் சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும் நகரச் சாலை. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு குண்டும் குழியுமாக நிற்கும் சென்னைப் புறநகர். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள். பாலங்களில் கான்கிரீட் இணைப்பு இடைவெளிகள். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பிகள். இந்தச் சாலையில் ஓடுவதற்கு 28 மி.மீ. குறைந்தபட்சம்; சைக்கிள் சட்டத்தில் இடம் இருந்தால் 32. அந்த டயருக்கு ஏற்ற ரிம் எது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஆழத்தில் இல்லை, உள் அகலத்தில் இருக்கிறது. 28 முதல் 32 வரையான டயருக்கு 21 முதல் 23 மி.மீ. உள் அகலம் நன்றாகப் பொருந்தும்.

இதில் ஆழமான ரிம்மின் ரசிகர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. போர்ட்னர் சொன்ன விதிப்படி, ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தில் 105 சதவீதமாவது இருந்தால்தான் காற்று டயரைத் தாண்டி ரிம்மின்மேல் ஒட்டி வழுக்கிப் போகும். 28 மி.மீ. டயருக்கு ரிம் கிட்டத்தட்ட 29.4 மி.மீ. அகலம் வேண்டும். நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆழமான கார்பன் ரிம்களிலும், கைமாறி வரும் பழைய ஜோடிகளிலும் பல, 23, 25 மி.மீ. டயர் காலத்தில் வடிவமைத்தவை. அவற்றில் 28 மாட்டினால் டயர் ரிம்மை விட உப்பி நிற்கும்; எந்த மிச்சத்துக்காகப் பணம் கொடுத்தோமோ அதில் பெரும்பகுதி போய்விடும். 25 மாட்டினால் உடம்பு அதிரும், பஞ்சர் ஆகும், ரிம் குழியில் அடிபடும்.

ஹுக்லெஸ் ரிம் பற்றி உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது. டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லாத இவ்வகை ரிம்கள் கார்பன் சக்கரங்களில் இப்போது பெருகிவிட்டன. அவற்றுக்குச் சர்வதேச டயர் தரவிதி வகுத்த உச்ச அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. அதைத் தாண்டினால் டயர் ரிம்மிலிருந்து கழன்று வரலாம். நம்மூரில் பஞ்சர் கடை கம்ப்ரெசரில், அளவு பார்க்காமல், ‘நல்லா டைட்டா அடிங்கண்ணே’ என்று சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பழக்கமும் ஹுக்லெஸ் ரிம்மும் ஒரே சைக்கிளில் சேரவே கூடாது. 2024 யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் தாமஸ் டி ஜென்ட் என்ற அனுபவசாலியான வீரர் இத்தகைய ரிம்மிலிருந்து முன் டயர் கழன்று விழுந்தார். தேர்ந்த மெக்கானிக்குகள் காற்றடித்த சைக்கிள் அது. 90 கிலோ எடையுள்ள ஒருவர் 28 மி.மீ. டயரில் ஓட்டினால் அவருக்குத் தேவையான அழுத்தமே அந்த உச்சவரம்பை உரசும். அவருக்கு ஹுக்லெஸ் ரிம்மை விற்பவர், குறைந்தது 30 அல்லது 32 மி.மீ. டயரையும் வரம்பையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்பதைப் பொறுப்பற்ற செயல் என்றுதான் அழைப்பேன்.

அடுத்தது பக்கக் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த நாட்டில், முன் சக்கரத்தில் 60 மி.மீ. சுவரை நிறுத்திக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகச் சொல்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை கரையோடு இணையாக ஓடுகிறது. கடற்காற்று எந்நாளும் அதன் விலாவில்தான் அடிக்கும். முட்டுக்காடு பாலத்தின் மேலும், மரக்காணம் உப்பளத்தின் ஓரத்திலும் மறைப்பே கிடையாது. சவுக்குத் தோப்பு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் காற்று திடீரென்று பாயும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நின்றால் தெரியும், முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலைகளை நட்டார்கள் என்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் வரைக்கும் அப்படித்தான். காற்றாலை சுழலும் ஊரில் ஆழமான முன் சக்கரம் வேண்டாம் என்பதை யாரும் எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆழமான ரிம் பக்கக் காற்றில் பாய்மரம் மாதிரி உதவும் என்பது இதற்கு அவர்கள் தரும் பதில். காற்றுச் சுரங்கத்தில், ஒரே சீராக, ஒரே கோணத்தில் வீசும் காற்றில் உதவத்தான் செய்கிறது. சாலையில் காற்று சீராக வீசுவதில்லை. சீரான காற்றில் ஒருபக்கம் சாய்ந்து சமாளிக்கலாம். அரசுப் பேருந்து ஒன்று உரசினாற்போல் கடக்கும்போது காற்று அரை நொடி அடைபட்டு மறுபடி அறைகிறதே, அதில் முன் ரிம்மின்மேல் விழும் தள்ளுதல் ஹேண்டில்பாரையே திருப்பிவிடும். பின் சக்கரம் திரும்பாது, அதனால் அங்கே ஆழம் இருந்தாலும் ஆபத்து குறைவு. ஆபத்தெல்லாம் முன்னால்தான். ஒரு முறை அப்படி ஆடிப்போனவர் அதன்பிறகு குனிந்து ஓட்ட மாட்டார்; நிமிர்ந்து, ஹேண்டில்பாரின் மேற்பகுதியை இறுகப் பிடித்துக்கொள்வார். உடம்பு நிமிர்ந்ததால் கூடும் காற்றுத்தடை 30 கி.மீ. வேகத்திலேயே பத்து வாட்டைத் தாண்டும். அந்த வேகத்தில் சக்கரம் மிச்சப்படுத்தியது மூன்று வாட். பயம் தின்றது போக மிச்சம் என்ன இருக்கிறது?

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கும், பள்ளி முடித்த ஒரு பையனுக்கும், 85 கிலோ ஆளுக்கு விற்கும் அதே 50 மி.மீ. ஜோடியைத்தான் விற்கிறார்கள். காற்றின் தள்ளுதல் மூவருக்கும் ஒன்று. அதை எதிர்த்து நிற்கும் எடை ஒன்றல்ல. எடை குறைந்தவருக்கு 30, 35 மி.மீ. ரிம்மே போதும். அகலமான, மழுங்கிய மூக்குள்ள புதிய ரிம்கள் பழைய கூர்முனை ரிம்களை விடப் பக்கக் காற்றில் அடக்கமாக நடந்துகொள்கின்றன என்பது உண்மைதான். அதனால் ஆபத்து குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் காற்றுக்குப் பயந்து பல ஆண்டுகள் மூடிய தட்டுச் சக்கரத்துக்கே தடை இருந்தது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் ரிம்மின் ஆழம் 65 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று 2025-இல் அறிவித்தது. போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலையில், உலகின் தேர்ந்த ஓட்டிகளுக்கே எல்லை வகுக்கிறார்கள்.

எடைக் கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். ரிம்மில் குறையும் ஒரு கிராம், சட்டத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்பார்கள். வேகம் பிடிக்கும் கணத்துக்கு மட்டும் அது சரி. 400 கிராம் குறைந்த ரிம்களோடு நின்ற இடத்திலிருந்து 30 கி.மீ. வேகம் எட்டினால் மிச்சமாகும் ஆற்றல் 28 ஜூல். 200 வாட் மிதிப்பவருக்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம். மலையில் சீராக ஏறும்போது ரிம்மின் கிராமும் தொப்பையின் கிராமும் ஒன்றே. ஆயிரம் மீட்டர் உயரத்தை 80 நிமிடத்தில் ஏறுகிறவர் 400 கிராமைக் குறைத்தால் 23 நொடி முன்னதாக உச்சிக்குப் போவார். பந்தயத்தில் 23 நொடி பெரிது. ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்து டீ குடிக்கப் போகிறவருக்கு அது என்ன?

ஏறியதை விட இறங்குவதைத்தான் யோசிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் எதனால் ஆனது என்பது பிரேக்குக்குப் பொருட்டில்லை. ரிம்மையே கவ்விப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கில் கதை வேறு. அலுமினியம் வெப்பத்தைப் பரப்பி வெளியேற்றும். கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் வெப்பத்தை ஓரிடத்தில் தேக்கி இளகும். இளகினால் ரிம்மின் சுவர் விரியும், டயர் வெடிக்கும். மழையில் கார்பன்மேல் பிரேக் பிடிக்க ஒரு கணம் பிந்தும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகள். பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்துகளால் வெளியூர் வாகனங்களுக்கே கட்டுப்பாடு விதித்த பாதை அது. அதுபோன்ற இறக்கத்தில் கார்பன் ரிம்மைக் கவ்வும் பிரேக்கோடு ஒருவர் இறங்க, ‘லைட் வீலு, ஹில்ஸுக்கு சூப்பர்’ என்று அவருக்குச் சொன்னவர்கள் காரணமாகிறார்கள். ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் ரிம் பிரேக்கில் போகிறவர்களுக்கு அலுமினிய ரிம்தான் சரி. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

நெடுந்தூரம் ஓட்டுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் ரோடு பைக் பண்பாட்டை வளர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்பது ப்ரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களின் கால வரம்பு. இந்த ஓட்டத்தைக் கெடுப்பது வேகக் குறைவை விட நின்றுபோவதுதான். இரவு இரண்டு மணிக்கு விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் 20 கம்பிச் சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி அறுந்தால், சக்கரம் பெண்டாகி சட்டத்தில் உரசும். ஓட்டம் அத்தோடு முடிந்தது. 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, விடிகிற வரை மெல்ல ஓட்டிப் போகலாம். வளைந்த தலையுள்ள சாதாரண உருண்டைக் கம்பியாக இருந்தால், சரியான நீளம் கிடைக்கும் எந்தச் சைக்கிள் கடையிலும் மாட்டி பெண்டு எடுத்துத் தருவார்கள். தட்டையான நேர்க்கம்பியும், ரிம்முக்குள் ஒளிந்திருக்கும் நிப்பிளும் என்றால், எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் கையைப் பிசைய வேண்டியதுதான். பல தலைமுறையாக நம் சிற்றூர்க் கடைகளில் சக்கரம் கோத்துவரும் கைகளுக்குத் தெரிந்த வேலையை, நம் சக்கரமும் அனுமதிக்க வேண்டும். 90 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கும் இதே அறிவுரைதான்: பின் சக்கரத்தில் கம்பியை எண்ணுங்கள்.

கார்பனே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2010-இல் ஃபேபியன் கான்செல்லாரா பாரிஸ்–ருபே பந்தயத்தின் கருங்கல் பாதைகளைக் கார்பன் சக்கரத்தில்தான் கடந்து வென்றார். அந்தச் சாலையை எண்ணி வடிவமைத்த ரிம், அதன்மேல் அகலமான டயர். அந்த வெற்றியே என் பக்கத்துச் சாட்சி. 40 கி.மீ. வேகத்தைத் தக்கவைத்து நேர ஓட்டம் ஓட்டுகிறவர்களும், டிரையத்லானில் மேடை ஏறத் துடிக்கிறவர்களும், காற்றடங்கிய சமதளச் சாலையில் ஆழமான ரிம்மைத் தாராளமாகப் போடலாம். அவர்களுக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கில் வரும். அப்படிப்பட்டவர்கள் நம்மில் மிகச் சிலர். அந்தச் சிலருக்கு ஏற்றதை எல்லோருக்கும் ஏற்றதாக்கி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே சக்கரம் மாற்றக் காசு சேர்த்துவைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் உங்கள் சட்டத்திலும் ஃபோர்க்கிலும் எத்தனை மில்லிமீட்டர் டயர் நுழையும் என்று அளந்து பாருங்கள். நுழைவதில் அகலமான நல்ல டயர் இரண்டு வாங்குங்கள், மீட்டர் வைத்த ஃப்ளோர் பம்ப் ஒன்று வாங்குங்கள், காற்றைக் குறைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் சக்கரம் வேண்டுமென்றால், 21 மி.மீ.க்குக் குறையாத உள் அகலமும், கொக்கியுள்ள விளிம்பும், உங்கள் எடைக்குப் போதுமான கம்பிகளும் உள்ள 30 முதல் 40 மி.மீ. ரிம்மைக் கேளுங்கள். கடைக்காரர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: சக்கரத்தை அலமாரியிலிருந்து இறக்குவதற்கு முன், எங்கே ஓட்டுகிறீர்கள், எடை எவ்வளவு, என்ன பிரேக் என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.